நீலகிரி மலை ரயில்: நிலக்கரி எஞ்சின் ஓடும் நாளை முன்கூட்டி அறிவது எப்படி?

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் உதகை ரயிலை, குன்னூர் வரை பின்னாலிருந்து தள்ளும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின் எண்ணெயில் ஓடுவதா, நிலக்கரியில் ஓடுவதா என்ற தகவல் முன்கூட்டிக் கிடைப்பதேயில்லை. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை 2021இல் கட்டிய நிலக்கரி எஞ்சின், கல்லாறுக்கு அப்பால் பற்சட்டப் பாதையின் (தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட சட்டம் பதித்த பாதை) 12க்கு 1 ஏற்றத்தில் நான்கு நீராவி உருளைகளும் (சிலிண்டர்கள்) இரைய ஏறும் ஓசையை, வடகிழக்குப் பருவமழையின் மண்சரிவுகள் ஓய்ந்தபின், ஜனவரியில் ஒலிப்பதிவு செய்ய மிகவும் விரும்புகிறேன்.

ரயில் நேரம் காட்டும் செயலிகள், செய்திக் குறிப்புகள், நாளிதழ்களின் நீலகிரிப் பக்கங்கள் ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். ரத்து அறிவிப்பு வருகிறது, எஞ்சின் விவரம் வருவதில்லை. நிலைய விசாரணையிலும் பயணச்சீட்டு நிலவரம் மட்டுமே சொல்கிறார்கள்.

மறுநாள் எந்த எஞ்சின் பணிக்கு வருகிறது என்பதை முந்தைய மாலையே உறுதியாக அறிய முறையான வழி எது?