நேரில் பார்க்காத நூலை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது?

கேள்வி:
வணக்கம். முதுகலை ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2011இல் வெளிவந்த நூல் ஒன்றில், 1974ஆம் ஆண்டு நூலிலிருந்து நான்கு வரிகள் எடுத்தாளப்பட்டுள்ளன. என் வாதத்திற்கு அவை இன்றியமையாதவை. ஆனால் மூலநூல் எங்கள் நூலகத்தில் இல்லை. பக்க எண்தான் 2011 நூலிலேயே இருக்கிறதே, 1974 நூலையே நேரடியாகச் சான்றாகக் காட்டிவிடலாம் என்று உடன் பயில்வோர் சொல்கிறார்கள். அது முறையா? ஒருவருடைய கருத்தை என் சொற்களில் எழுதும்போதும் சான்று காட்ட வேண்டுமா?

மறுமொழி 1:
முறையன்று. நீங்கள் படித்தது எதுவோ அதையே சான்றாகக் காட்ட வேண்டும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) வகுத்த சான்று காட்டும் முறையின் 7ஆம் பதிப்பின்படி, கட்டுரைக்குள் இரண்டு நூல்களையும் சுட்டி, இன்னாருடைய கருத்து இன்னாரால் மேற்கோள் காட்டப்பட்டது என்று தெளிவாக்கிவிட்டு, துணைநூற்பட்டியலில் 2011 நூலை மட்டும் தர வேண்டும். பக்க எண்ணும் அந்த 2011 நூலுக்குரியதாகவே இருக்கட்டும். எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கம்) முறையும் பட்டியலைப் பொறுத்தவரை இதையே சொல்கிறது. சிகாகோ என்னும் மற்றொரு முறையில் இரண்டு நூல்களின் விவரமும் தரப்பட வேண்டும். உங்கள் துறை எதைப் பின்பற்றுகிறது என்பதை நெறியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் அதை மூலத்தைத் தேடாமல் இருப்பதற்கான அனுமதியாகக் கொள்ள வேண்டாம். எடுத்துக்காட்டாக, 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் போர்ட்டர், ஜிக் ஆகிய இருவர் எழுதிய ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்று வெளியானது. வலிநீக்கிகளாக அபின்வகை மருந்துகள் தரப்பட்ட 11,882 நோயாளிகளில் நால்வரிடம் மட்டுமே புதிதாக அடிமைத்தனம் உறுதியாகப் பதிவாகியிருந்தது என்பது அதன் சாரம். அவர்கள் மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்தவர்கள். வீட்டிலிருந்து நெடுங்காலம் மருந்து உட்கொண்டவர்களைப் பற்றி அக்கடிதம் எதையும் சொல்லவில்லை. 2017இல் அதே இதழில் வெளியான பகுப்பாய்வின்படி, அக்கடிதத்தைச் சுட்டிய 608 கட்டுரைகளில் 439 கட்டுரைகள், இம்மருந்துகளால் அடிமைத்தனம் அரிதாகவே ஏற்படும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டியிருந்தன. ஐந்தில் நான்கு பங்கு கட்டுரைகள் நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவேயில்லை. கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் அந்த வரம்பு கண்ணில் படாமல் போயிருக்காது. உங்கள் நான்கு வரிகளுக்கு முன்னும் பின்னும் அந்த ஆசிரியர் என்ன எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியாதல்லவா? நூலகங்களுக்கிடையேயான இரவல் வசதி உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்திலும் தேடுங்கள்.

மறுமொழி 3:
இரண்டாவது ஐயத்திற்கு: கட்டாயம் காட்ட வேண்டும். சொற்கள் உங்களுடையவை, கருத்து அவருடையது. ஏபிஏ முறையில் இதற்குப் பக்க எண் கட்டாயமில்லை என்றாலும் தருவது நல்லது. நேர்மேற்கோளுக்கோ பக்க எண் அவசியம், 40 சொற்களும் அதற்கு மேலும் என்றால் மேற்கோள்குறி இல்லாமல் தனிப்பத்தியாக உள்தள்ளி அமைக்க வேண்டும். வாக்கியத்தின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு மூன்று சொற்களை மட்டும் மாற்றுவது, கீழே சான்று கொடுத்தாலும், கருத்தை உள்வாங்கி எழுதியதாகாது. இந்தச் சிக்கல் பெரும்பாலும் குறிப்பெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது: அப்படியே பெயர்த்தெழுதிய வரிக்கு அந்த நொடியிலேயே மேற்கோள்குறியும் பக்க எண்ணும் இடாவிட்டால், ஆறு மாதம் கழித்து அது யாருடைய வரி என்று குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இரவலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். 1974 பதிப்பு கிடைக்காமல் பிந்தைய திருத்திய பதிப்பு கிடைத்தால்?

மறுமொழி 2:
கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டையும் பக்கத்தையும் கொடுங்கள். அந்த நான்கு வரிகள் திருத்திய பதிப்பில் மாறாமல் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். மாறியிருந்தால் அதையே ஓர் அடிக்குறிப்பில் எழுதலாம்.