சுட்டது யாருன்னு மட்டும் சொல்லாதீங்க

*நம்ம வீடு* குழு

*மீனா:* டல்லாஸ், அந்தப் பழைய அமெரிக்க டிவி நாடகம், 3வது சீசன் கடைசி எபிசோடு பாத்து முடிச்சிட்டேன். 'எ ஹவுஸ் டிவைடட்'. ராத்திரி ஆபீஸ்ல அந்த ஈவிங் எண்ணெய்க் குடும்பத்து வில்லன் ஜே.ஆர். தனியா இருக்கான். வெளில ஏதோ சத்தம். எழுந்து போறான், ரெண்டு குண்டு, விழுந்துட்டான். பேர் ஓட ஆரம்பிச்சிருச்சு. சுட்டது யாருன்னு கேட்டு இதுக்கா அத்தை 8 மாசம் ஊரே பைத்தியமா அலைஞ்சுது?

*வசந்தி அத்தை:* கடைசி நிமிஷத்த மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். அதுக்கு முன்னாடி 45 நிமிஷம் என்ன நடந்துச்சு, சொல்லு

*மீனா:* ஆளாளுக்கு அவன்கூட சண்டை போட்டுட்டுப் போறாங்க

*கார்த்தி:* _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

*வசந்தி அத்தை:* டேய் கார்த்தி 😡 பேரச் சொன்னே, குழுவ விட்டே தூக்கிருவேன். புள்ள இன்னும் 4 எபிசோடு பாக்கணும்

*கார்த்தி:* அழிச்சிட்டேன் அத்தை

*மீனா:* நான் பாக்கல பாக்கல 🙈

*வசந்தி அத்தை:* சண்டை இல்லடி மீனா, கணக்கு. ஒவ்வொருத்தருக்கும் அவனால வேற வேற நஷ்டம். பொண்டாட்டி சூ எலனைக் குடிகாரின்னு சொல்லி ஆஸ்பத்திரில அடைக்கப் பாக்கறான், அவளுக்குச் சுதந்திரம் போகுது. சூ எலன் தங்கச்சி கிறிஸ்டினையும் வக்கீல் ஆலன் பீமையும் போலீஸ் கேஸ் காட்டி ஊரை விட்டு விரட்டறான். குடும்பப் பகையாளி கிளிஃப் பார்ன்ஸுக்கு அப்பன் வழி வரவேண்டிய பங்கு போகுது. தம்பி பாபி மனசு வெறுத்துப் பொண்டாட்டி பாமைக் கூட்டிக்கிட்டு சவுத்ஃபோர்க் பண்ணைவீட்ட விட்டே கிளம்பறான். ஆசியக் கிணத்துல பணத்தப் போட்டவங்க நடுத்தெருவுக்கு வர்றாங்க, அதுல ஒருத்தர் தற்கொலையே பண்ணிக்கறார். ஒரு நஷ்டம் மாதிரி இன்னொண்ணு இல்ல பாத்தியா. எல்லாரும் பணத்துக்காகவே கோவப்பட்டிருந்தா ஆளுக்கு ஆள் வேற பேரைச் சொல்லிப் பந்தயம் கட்டியிருக்க முடியாது

*மீனா:* அந்த ஆசியக் கிணறு விவகாரந்தான் எனக்குப் பாதி புரியல. பாலா மாமா??

*பாலா மாமா:* வந்தேன். தென்கிழக்கு ஆசியால எண்ணெய் எடுக்கக் குத்தகை வாங்க ஜே.ஆர். அப்பா அம்மாவுக்குத் தெரியாம பண்ணைவீட்டையே அடமானம் வச்சான், ஞாபகம் இருக்கா? அந்த நாட்டு அரசாங்கம் கிணறுகளை எடுத்துக்கப் போகுதுன்னு அவனுக்கு முன்கூட்டியே துப்பு கிடைக்குது. உடனே பெரும்பங்கை கார்ட்டல்னு சொல்ற மத்த எண்ணெய் முதலாளிக் கூட்டாளிங்க தலையிலயும், பேங்க்கர் வான் லீலண்ட் தலையிலயும் கட்டிட்டான். அப்புறம் நாட்டுடைமை. அவன் வீடு தப்பிச்சுது, வாங்கினவங்க காலி

*பாலா மாமா:* 1980-ல பாத்த ஜனங்களுக்கு இத விளக்க வேண்டியதே இல்ல. 1972-ல ஈராக், 1976-ல வெனிசுவேலா எல்லாம் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கிருச்சு. 1979-ல ஈரான் புரட்சி, பெட்ரோல் பங்க்ல வரிசை. தினம் பேப்பர்ல படிச்ச சேதிதான் கதைல வந்துச்சு

*மீனா:* சரி, ஈவிங் 23? எண்ணெய் வர்ற கிணத்த எவனாவது மூடுவானா?

*பாலா மாமா:* அதுலதான் அவன் குசும்பே. ஜே.ஆர். அப்பா ஜாக் ஈவிங்கும் கிளிஃப் அப்பா டிக்கர் பார்ன்ஸும் அந்தக் காலத்துல எழுதின பத்திரத்தை கிளிஃப் தேடிப் புடிச்சிட்டான். ஈவிங் 23 லாபத்துல பாதி பார்ன்ஸ் குடும்பத்துக்கு. லாபத்துல பாதிதான், நிலத்துல இல்ல. எண்ணெயே எடுக்கலன்னா லாபம் பூஜ்யம், பூஜ்யத்துல பாதி என்ன? தனக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம்னு நிறுத்திட்டான்

*பாலா மாமா:* நிறுத்தறது சுலபம். தானா பொங்கற கிணறுன்னா மேல இருக்கற வால்வுக் கூட்டத்த (அதுக்குப் பேரே கிறிஸ்மஸ் ட்ரீ) வரிசையா மூடணும். தலையாட்டிப் பம்பு போட்ட கிணறுன்னா மோட்டாரை அணைச்சாப் போதும். திரும்பத் திறக்கறதுதான் பாடு. பழைய கிணறா இருந்தா குழாய்க்குள்ள மெழுகு படியும், மணல் இறங்கும், அடியில இருக்கற தண்ணி கிணத்தச் சுத்தி ஏறி நிக்கும். மூடறதுக்கு முன்னாடி வந்த அளவு திரும்ப வரும்னு எவனும் எழுதிக் குடுக்க மாட்டான்

*பாலா மாமா:* இன்னொண்ணு. டெக்சாஸ்ல நிலத்துக்கு அடியில கிடக்கறதும் நிலத்துக்காரனுக்குச் சொந்தம், அரசாங்கத்துக்கு இல்ல. அதனால அவனுக்கு ராயல்டி, அதாவது எடுக்கற எண்ணெயில பங்கு. அந்தக் காலத்துல வழக்கமா எட்டுல ஒரு பங்கு. வருஷக்கணக்கா எடுக்காமப் போட்டா குத்தகையே கைய விட்டுப் போகலாம். நாடகத்துல இதப் பத்தி மூச்சே விடல 😄

*குமரன் சித்தப்பா:* எண்ணெய் வகுப்பு முடிஞ்சுதா? அத்தை எழுத்துக்காரங்க சாமர்த்தியம்னு சொல்றா. நான் ஒத்துக்க மாட்டேன். பாதி அதிர்ஷ்டம். சீசன் நல்லா ஓடுதுன்னு சிபிஎஸ் சேனல் கூடுதல் எபிசோடு கேட்டுச்சு, அதுக்காகச் சேத்த முடிவு இது. ஒளிபரப்பு 1980 மார்ச் 21. வழக்கமா செப்டம்பர்ல புது சீசன் வந்திருக்கும். ஜூலைல நடிகர் சங்கம் ஸ்ட்ரைக், அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு. ஜே.ஆரா நடிச்ச லேரி ஹாக்மன் வேற சம்பளத்த ஏத்தினாத்தான் வருவேன்னு நின்னுட்டார். பதில் வந்தது நவம்பர் 21. சரியா 8 மாசம்

*வசந்தி அத்தை:* ஸ்ட்ரைக் எல்லா நாடகத்துக்குந்தானே? மத்ததுக்கு எவன் காத்துக்கிட்டு இருந்தான்?

*குமரன் சித்தப்பா:* அது சரி. ஆனா அது தேர்தல் வருஷம். சுட்டது டெமாக்ரட் கட்சிக்காரன்னு ரிபப்ளிகன்காரங்க பேட்ஜே குத்திக்கிட்டாங்க. செப்டம்பர்லயே பதில் வந்திருந்தா இவ்வளவு சூடு ஏறியிருக்காது

*வசந்தி அத்தை:* 😏 மீனா, நீ போய் நாலையும் பாரு. கண்ணு துப்பாக்கி மேலயே இருக்கட்டும். யார் முறைக்கறாங்கன்னு பாக்காதே, எல்லாரும்தான் முறைப்பாங்க

_மறுநாள்_

*மீனா:* நாலும் முடிஞ்சுது!! கிறிஸ்டின்!!!

*கார்த்தி:* அப்பாடா. நேத்து அழிச்சது அதான் 😂

*மீனா:* சூ எலன் கைரேகை இருக்கற துப்பாக்கி வீட்டுக்குள்ளயே கிடைக்குது, அவளை அரெஸ்ட் பண்றாங்க. அவளுக்கே சந்தேகம், நாமதான் சுட்டோமோன்னு

*வசந்தி அத்தை:* அங்கதான் முடிச்சு. குடிச்சிருந்ததால அந்த ராத்திரி அவளுக்கு ஞாபகத்துல இல்ல. டாக்டர் ஹிப்னாடிசம் பண்ணி ஒவ்வொரு இடமா நடத்திக் கூட்டிட்டுப் போறார். ஜே.ஆரைத் தேடித் துப்பாக்கியோட கிறிஸ்டின் வீட்டுக்குப் போனது, தங்கச்சி ஊத்திக் குடுத்தது, மயங்கினது, துப்பாக்கி அங்கயே விழுந்தது. புது ஆள், புதுச் சாட்சின்னு எதுவும் கொண்டுவரல. குடி, தங்கச்சி, துப்பாக்கி மூணுமே மார்ச் எபிசோடுலயே கண்ணுக்கு எதிர்ல இருந்துச்சு. பாத்தவன் தலைல அடிச்சுக்கணும், ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது

*மீனா:* ஆனா அவ ஜெயிலுக்கே போகலையே

*வசந்தி அத்தை:* வயித்துல அவன் பிள்ளைன்னு சொல்லிட்டாளே. குடும்ப மானம் சந்தி சிரிக்கும்னு ஜே.ஆரே கேஸ அமுக்கிட்டான். குத்தவாளிய உள்ள தள்ளியிருந்தா கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். வெளில விட்டதால அடுத்த வருஷக் கதையும் கெடச்சுது

*கார்த்தி:* இவ்வளவு நாள் ரகசியம் வெளில வராம எப்படிக் காப்பாத்தினாங்க?

*குமரன் சித்தப்பா:* பல நடிகர்கள் கைல துப்பாக்கியக் குடுத்து, அவங்கவங்க சுடற மாதிரி தனித்தனியா எடுத்து வச்சாங்க. எது ஓடும்னு நடிச்சவங்களுக்கே தெரியாது. ஒளிபரப்பு அன்னிக்கு ரேட்டிங் 53.3, ஷேர் 76. ரெண்டும் ஒண்ணுன்னு குழப்பிக்காதீங்க. டிவி இருக்கற மொத்த வீட்டுல 53.3 சதவீதம் பாத்துச்சு, அந்த நேரத்துல டிவி ஓடின வீடுகள மட்டும் எடுத்தா 76. ஆள் கணக்குல சுமார் 8.3 கோடி. 1983-ல மேஷ்னு இன்னொரு நாடகத்தோட கடைசி எபிசோடு 60.2 எடுத்து அத முந்திருச்சு

*பாலா மாமா:* இதே கூட்டந்தானே 1986-ல பாபியக் குளியலறைலேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்தது

*வசந்தி அத்தை:* அத ஏன் கிளப்பறீங்க 🤦‍♀️ பாபியா நடிச்ச பேட்ரிக் டஃபி விலகினதால பாபியச் சாகடிச்சாங்க. அவர் திரும்பி வந்ததும் ஒரு சீசன் முழுக்க, 31 எபிசோடும், பாம் கண்ட கனவுன்னுட்டாங்க. ஷவர்ல நிக்கறான், குட் மார்னிங் சொல்றான்! அந்த வருஷம் நடந்த கல்யாணம், சாவு எதுக்கும் கணக்கில்லாமப் போச்சு. கிளைத் தொடர் நாட்ஸ் லேண்டிங்ல பாபி செத்தது செத்ததுதான், அங்க கனவு கினவு கிடையாது. ரெண்டும் ஒரே குடும்பக் கதை!

*மீனா:* அப்போ அத பாக்க வேணாமா?

*வசந்தி அத்தை:* 4வது சீசன் முடிவப் பாரு முதல்ல. சவுத்ஃபோர்க் நீச்சல் குளத்துல ஒரு பொணம் மிதக்கும்

*கார்த்தி:* அது யாருன்னா

*வசந்தி அத்தை:* கார்த்தீ!!!