களாப்பழமும் பேக்கரி செர்ரியும்

களாப்பழம்னு சொன்னாலே எனக்கு ருசிக்கு முன்னாடி உதட்டுல ஒட்டுற பால்தான் ஞாபகம் வரும். புதுக்கோட்டைப் பக்கம் எங்க ஊர்க் கோயில்காட்டு ஓரத்துல புதர் புதரா நிக்கிறது சிறுகளா. தடிச்ச இலை, கவட்டை கவட்டையா முள்ளு, மல்லிகைச் சாயல்ல வெள்ளைப் பூ. காய் பச்சையிலிருந்து சிவந்து, அப்புறம் கருகருன்னு ஆகும்.

"கறுத்ததை மட்டும் பறிடா, செவப்பைத் தின்னா பல்லு கூசும்"னு அப்பத்தா சொல்லும். காம்பைக் கிள்ளினதும் வெள்ளையா ஒரு சொட்டுப் பால் வந்து நிக்கும். அரளிக் குடும்பத்துச் செடியாச்சே, பால் இல்லாம இருக்குமா? அதைத் துண்டுல துடைச்சுட்டு, கல்லுப்பைப் போட்டுக் குலுக்கித் தின்போம். உள்ளே ரத்தச் சிவப்பு, தட்டையா ஒண்ணு ரெண்டு விதை. புளிப்பும் இனிப்பும் கடைசியில கொஞ்சம் துவர்ப்பும். நாக்கு ஊதாவாகிடும், அதனால தின்னதை வீட்டுல மறைக்க முடியாது. கையில ஒட்டின பிசின் சோப்புக்கு அசையாது, தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்க்கணும்.

பதிற்றுப்பத்துல களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல்னு ஒரு ராஜாவே உண்டு. களாக்காய்ல கட்டின கண்ணியும் (தலையில சூடுற மாலை) நார்ல செஞ்ச முடியும் சூடினதால வந்த பேரு. அந்த முள்ளுக்குள்ள கைய விட்டுப் பறிச்சுக் கொடுத்த ஆளு யாரோ, பாவம்.

திருச்சியில பேக்கரி வேலை பார்க்குற சொந்தக்காரப் பையன் ஒருநாள் செர்ரி டின் ஒண்ணு காட்டினான். லேபிள்ல கரோண்டான்னு போட்டிருக்கு. இந்தியில களாவுக்கு அதுதான் பேரு. வேலியில வைக்கிற பெருங்களாவோட காயை, விதை எடுத்து, சிவப்புச் சாயம் ஏத்தி, சீனிப்பாகுல ஊறப்போட்டா கேக்கு மேல உக்கார்ற செர்ரி ரெடி. ஒண்ணு வாயில போட்டுப் பார்த்தேன், வெறும் சீனி. களாவோட புளிப்பு துளிகூட இல்ல.

ஊறுகாய்க்குப் பழம் ஆகாது, செங்காய்தான் வேணும். ரெண்டாக் கீறி விதையெடுத்து, உப்புப் போட்டு வெயில்ல வச்சு, மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் சேர்த்தா பழைய சோத்துக்கு மாங்காயைத் தூக்கிச் சாப்பிடும். எங்க வீட்டுல இதை ஒருத்தரும் ஒத்துக்கிறதில்ல.