பாவம்தான் துன்பத்துக்குக் காரணமா?

வினவி:
1755 நவம்பர் 1. புனிதர் அனைவரின் திருநாள் என்பதால் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்து ஆலயங்கள் நிரம்பி வழிந்த காலை. பூகம்பம் வந்து, கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையிலேயே கூரைகள் விழுந்தன. கரைக்கு ஓடியவர்களைக் கடல் கொண்டுபோனது. மிச்சத்தைத் தீ பார்த்துக்கொண்டது. ‘மனிதனுக்குக் கடவுள் சுயாதீனம் கொடுத்தார், அவன் அதைக் கெடுத்தான், அதனால்தான் துன்பம்’ என்பீர்கள். கொலைக்கும் போருக்கும் சரி. நிலம் குலுங்கியது யாருடைய சுயாதீனத்தால்?

ஜெபவீரன்:
பதில் வேதாகமத்தில், ஆதியாகமம் 3லேயே இருக்கிறது. மனிதன் பாவத்தில் விழுந்தபோது அவன் நிமித்தம் பூமியும் சபிக்கப்பட்டது. சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்று ரோமர் 8லும் இருக்கிறது. அவரவர் தங்களைச் சோதித்துப் பார்த்தால் காரணம் புரியும்.

சாம்பல்மேடு:
அந்தக் கடைசி வரி வேண்டாம் சகோ. நானும் விசுவாசிதான். என் தங்கை குழந்தையைப் பறிகொடுத்த வாரம், துக்கம் விசாரிக்க வந்தவர் ஒருவர் ஜெபித்துவிட்டுக் கிளம்பும்போது, ‘அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாரம்மா’ என்றார். அப்புறம் ஒரு வருஷம் அவள் ஆலயப் படி ஏறவில்லை.

இந்தக் கணக்கை இயேசுவே ஒப்புக்கொள்ளவில்லையே. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அப்படியல்ல என்கிறார் (லூக்கா 13). பிறவிக் குருடன் விஷயத்திலும் அவன் பாவமுமில்லை, பெற்றோர் பாவமுமில்லை என்கிறார் (யோவான் 9). குற்றமில்லாமலே பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்ததும் கெட்டது. கடைசியில் கர்த்தரின் கோபம் அவர்கள் மேல்தான் மூளுகிறது.

வினவி:
யோபுவை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லது. அங்கே மட்டும் காரணம் சொல்லப்படுகிறதா? நான் பூமியை அஸ்திபாரப்படுத்தியபோது நீ எங்கே இருந்தாய் என்று கர்த்தர் தொடங்கி, 38ஆம் அதிகாரத்திலிருந்து 41 வரை காட்டுக்கழுதை, தீக்குருவி, லிவியாதான் என்ற பயங்கர மிருகம், இவற்றைப் பற்றித்தான் பேச்சு! யோபுவைச் சோதிப்பதைப் பற்றிப் பரலோகத்தில் சாத்தானோடு நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும். அடிபட்ட யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. முடிவில் ஆடு மாடு இரண்டத்தனை, பிள்ளைகள் மறுபடியும் பத்து. செத்துப்போன பத்துப் பேர்?

ஜெபவீரன்:
உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் (ரோமர் 5). மனிதன் முதிர்ச்சிக்கு வளரவேண்டியவனாகப் படைக்கப்பட்டான் என்று 2ஆம் நூற்றாண்டிலேயே சபைத் தலைவர் இரேனேயு எழுதியிருக்கிறார்.

வினவி:
கைக்குழந்தை எந்தப் பொறுமையைக் கற்றது?

சாம்பல்மேடு:
அந்தப் பத்துப் பேரை ஈடுகட்டிவிட்டதாக நானும் சொல்லமாட்டேன். எனக்குப் பிடிமானம் வேறு இடத்தில். ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று சிலுவையில் கேட்டவர் இயேசு. வானத்திலிருந்து பதில் வந்ததாக மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதவில்லை. இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். உங்கள் கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார்.

வினவி:
அழுபவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வீடு எரியும்போது கையில் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்து அழுதால்?

சாம்பல்மேடு:
உயிர்த்தெழுதல் இல்லையென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. இம்மைக்கு மட்டும்தான் நம்பிக்கை என்றால் நம்மைவிடப் பரிதாபத்துக்குரியவர் இல்லை என்று பவுலே 1 கொரிந்தியர் 15இல் ஒப்புக்கொள்கிறார். வாளி கவிழும் என்று நம்புகிறேன். ஏன் இத்தனை தாமதம் என்று வேதத்தின் சங்கீதங்களைப் பாடியவனைப் போல அவரிடமே சண்டையும் போடுகிறேன்.

வினவி:
எரிந்து முடிந்தபின் கவிழும் வாளி. நம்ப முடியவில்லை. ஆனால் காரணம் கற்பிக்காமல் பேசினீர்கள், அது போதும்.

ஜெபவீரன்:
அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது, மன்னியுங்கள். தங்கை இப்போது எப்படி இருக்கிறார்கள்?

சாம்பல்மேடு:
வருகிறாள் சகோ. கடைசி வரிசை. பாட்டுக்கு எழுந்து நிற்பதில்லை. யாரும் ஏனென்று கேட்பதில்லை.