உதவி: வர்க்கமூலப் பின்னங்களில் என் விடையும் புத்தக விடையும் ஒத்துப்போகவில்லை

மறந்தகணக்கு:

வணக்கம். கணக்கைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது ஒரு போட்டித் தேர்வுக்காக மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். சதவீதம், விகிதம் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. பின்னத்துக்குள் வர்க்கமூலம் வந்தால் மட்டும் தடுமாற்றம். விதிகள் நினைவில் இருக்கின்றன, எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம். மூன்று கணக்குகளை நான் செய்தபடியே தருகிறேன்.

முதலாவது 6/√12. 6-ஐயும் 12-ஐயும் அடித்துவிட்டு 1/√2 என்று எழுதினேன். புத்தகம் √3 என்கிறது.

இரண்டாவது √75/√48. மேலும் கீழும் √48-ஆல் பெருக்கினேன். √3600/48, அதாவது 60/48, சுருக்கினால் 5/4. விடை சரி. ஆனால் 75-ஐ 48-ஆல் பெருக்கி, 3600-க்கு வர்க்கமூலம் கண்டுபிடித்து... தேர்வில் அவ்வளவு நேரம் தரமாட்டார்கள்.

மூன்றாவது 4/(√7 − √3). கீழே இருக்கும் ரூட் போகட்டும் என்று மேலும் கீழும் √7-ஆல் பெருக்கினேன். 4√7/(7 − √21) என்று வந்து நிற்கிறது. ஒரு ரூட் போய் இன்னொன்று வந்துவிட்டது. புத்தக விடை √7 + √3. அது எங்கிருந்து குதித்தது என்றே தெரியவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. இன்று நன்றாகப் புரிந்த கணக்கு அடுத்த வாரம் புதிதாகத் தெரிகிறது. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

கோணமானி:

மூன்றும் மூன்று விதமான சிக்கல்கள். முதல் கணக்கு தப்பு. இரண்டாவது சரி, சுற்றிப் போயிருக்கிறீர்கள். மூன்றாவதில் தப்பே இல்லை, பாதி வழியில் நிற்கிறீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தசமத்தில் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். √12 ஏறக்குறைய 3.46. 6-ஐ அதனால் வகுத்தால் 1.73. உங்கள் 1/√2-ன் மதிப்பு 0.707. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வழியே இல்லை. மூன்றாவதில் 4√7 என்பது 10.583, கீழே 7 − √21 என்பது 2.417. வகுத்தால் 4.378. புத்தகத்தின் √7 + √3-ஐக் கூட்டுங்கள்: 2.646 + 1.732 = 4.378. எண் ஒன்றேதான், எழுதிய விதம் வேறு.

புத்தக விடையோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே அழிக்காதீர்கள். மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றாக இருந்தால் சுருக்கும் வேலை மட்டும் பாக்கி. வேறாக இருந்தால்தான் எங்கே தவறினோம் என்று தேட வேண்டும்.

முதல் கணக்கில் நடந்தது இதுதான்: 6 ரூட்டுக்கு வெளியே இருக்கிறது, 12 உள்ளே இருக்கிறது. இரண்டையும் நேரடியாக அடிக்க முடியாது. 6-ஐ உள்ளே அனுப்பினால் அது 36 ஆகத்தான் போகும். √36/√12 = √(36/12) = √3. முடிந்தது.

பழையகரும்பலகை:

கோணமானி சொன்னது சரி. மற்ற இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன். பல வருடம் டியூஷன் எடுத்தவன், கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகுதியில் ரூட்டைப் பார்த்ததும் மேலும் கீழும் பெருக்கக் கை போகும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். முதலில் ஒவ்வொரு ரூட்டுக்குள்ளும் இருக்கும் முழு வர்க்க எண்ணை வெளியே எடுங்கள். 75 = 25 × 3, ஆகவே √75 = 5√3. 48 = 16 × 3, ஆகவே √48 = 4√3. √3 மேலும் கீழும் அடிபட்டு 5/4 மிஞ்சுகிறது. 3600 என்ற எண் இந்தக் கணக்கில் எட்டிப்பார்க்கவே தேவையில்லை. இன்னும் சுலபமாக, இரண்டையும் ஒரே ரூட்டுக்குள் போட்டு 75/48-ஐ 3-ஆல் சுருக்கினால் 25/16. அதன் வர்க்கமூலம் 5/4. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைச் செய்யலாம்.

வெளியே எடுக்கும்போது இருப்பதிலேயே பெரிய வர்க்கத்தை எடுங்கள். 72-ஐப் பார்த்து 9 × 8 என்று எழுதினால் 3√8 வரும், தப்பில்லை, ஆனால் 8-க்குள் இன்னும் ஒரு 4 ஒளிந்திருக்கிறது. 36 × 2 என்று பார்த்திருந்தால் ஒரே வரியில் 6√2. பெரிய வர்க்கம் கண்ணுக்குத் தெரியாத எண் வந்தால் பகாக் காரணிகளாக உடைத்துவிடுங்கள். 180 = 2 × 2 × 3 × 3 × 5. ஜோடியாக இருப்பவற்றில் ஒன்று மட்டும் வெளியே வரும், தனியாக நிற்பது உள்ளேயே இருக்கும். 6√5.

இதற்குப் பிறகும் கீழே ரூட் மிஞ்சினால்தான் பெருக்கும் வேலை. கீழே ஒற்றை உறுப்பு என்றால் அந்த ரூட்டாலேயே பெருக்கலாம். 10/√50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். √50 = 5√2, ஆகவே அது 2/√2. இப்போது √2-ஆல் பெருக்கினால் 2√2/2 = √2. நேரடியாக √50-ஆல் பெருக்கினாலும் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள், வியர்வை மட்டும் அதிகம்.

கீழே இரண்டு உறுப்புகள் இருந்தால் ஒரு ரூட்டால் பெருக்கிப் பயனில்லை. பெருக்குவது இரண்டு உறுப்பின் மீதும் பாயும். ஒன்றைச் சரிசெய்து மற்றதைக் கெடுக்கும். உங்கள் √21 அப்படித்தான் வந்தது. அங்கே வேண்டியது இணை: நடுவில் உள்ள குறியை மட்டும் மாற்றி எழுதுவது. (அ − ஆ)(அ + ஆ) = அ² − ஆ² என்பது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். இரண்டு உறுப்பும் தனித்தனியே வர்க்கம் ஆகின்றன, குறுக்குப் பெருக்கல் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ரூட் பிழைக்க இடமே இல்லை.

4/(√7 − √3)-ஐ மேலும் கீழும் (√7 + √3)-ஆல் பெருக்குங்கள். கீழே 7 − 3 = 4. மேலே 4(√7 + √3). நான்கும் நான்கும் அடிபட்டுப் புத்தக விடை வந்துவிடும். உங்கள் 4√7/(7 − √21)-லிருந்தும் தொடரலாம். (7 + √21)-ஆல் பெருக்கினால் கீழே 49 − 21 = 28, மேலே 28√7 + 4√147. √147 = 7√3. ஆக எல்லாம் 28-ஆல் அடிபட்டு அதே √7 + √3.

ஒரு எச்சரிக்கை: 1/(√5 + √2) என்பதை 1/√5 + 1/√2 என்று பிரிப்பவர்கள் ஏராளம். மேலே கூட்டல் இருந்தால் பிரிக்கலாம், கீழே இருந்தால் கூடாது. √(9 + 16)-ஐ 3 + 4 என்று எழுதுவதும் இதே ஜாதி. 25-ன் மூலம் 5, 7 அல்ல.

அரைப்புள்ளி:

ஒரு அடிப்படைக் கேள்வி. 1/√2 என்று எழுதினால் என்ன குற்றம்? √2/2 அதே எண்தானே? கீழே ரூட் இருக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டது?

கோணமானி:

சட்டம் இல்லை, வசதி. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 1-ஐ 1.41421-ஆல் கையால் வகுத்துப் பார்த்தால் காரணம் புரியும். 1.41421-ஐ இரண்டால் வகுப்பது வாயிலேயே முடியும்: 0.7071. இன்றைக்கு அந்தக் காரணம் இல்லை என்றாலும் கூட்டல் இருக்கிறது. 1/√2 + 1/√8 எவ்வளவு என்று கேட்டால் முழிக்க வேண்டும். √2/2 + √2/4 என்று எழுதினால் 3√2/4 என்று உடனே சொல்லலாம். பல கால்குலேட்டர்கள் 1/√2 என்று தட்டினால் √2/2 என்றே காட்டுவதும் இதனால்தான்: எல்லோரும் ஒரே வடிவில் எழுதினால் ஒப்பிடச் சுலபம்.

நுண்கணிதப்பைத்தியம்:

அரைப்புள்ளி பக்கம் நான் ஒரு ஓட்டு. மேல் வகுப்புக்குப் போனால் ரூட்டைக் கீழே தள்ளுவதே வேலையாகிவிடும். வகையிடலில் (√(ச + த) − √ச)/த என்ற கோவையில் த-வைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படியே போட்டால் 0/0. இணையால் பெருக்கி மேலே உள்ள ரூட்டை நீக்கினால் 1/(√(ச + த) + √ச) ஆகிறது, அப்புறம் த = 0 என்று போட்டால் 1/(2√ச). பகுதியில் ரூட்டோடு நிற்கும் விடைதான் அங்கே அழகு.

கணினியிலும் இப்படித்தான். √10001 − 100 எவ்வளவு? ஆறு இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் கருவியில் 100.005 − 100 = 0.005. இலக்கங்கள் எல்லாம் கழித்தலில் காணாமல் போய்விட்டன. அதையே 1/(√10001 + 100) என்று மாற்றினால் 1/200.005 = 0.00499988. அதே ஆறு இலக்கக் கருவி, எவ்வளவு துல்லியம் பாருங்கள். தேர்வுக்குக் கீழே சுத்தம் செய்யுங்கள், ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறந்தகணக்கு:

எல்லோருக்கும் நன்றி. இணை இப்போது புரிகிறது. உடனே ஒன்று போட்டுப் பார்த்தேன்: (2 + √3)/(2 − √3). இணையால் பெருக்கினேன், கீழே 4 − 3 = 1. மேலே (2 + √3)² = 4 + 3 = 7. விடை 7. கோணமானி சொன்னபடி தசமத்தில் பார்த்தால் 3.732/0.268, கிட்டத்தட்ட 13.9 வருகிறது. 7 அதில் பாதிதான். எங்கே போயிற்று மீதி?

பழையகரும்பலகை:

பார்த்தீர்களா, புத்தகத்தைத் திருப்பாமலே தப்பு இருப்பது தெரிந்துவிட்டது. மீதி நடு உறுப்பில் இருக்கிறது. (அ + ஆ)² = அ² + 2அஆ + ஆ². 2 × 2 × √3 = 4√3-ஐ விட்டுவிட்டீர்கள். விடை 7 + 4√3. 4√3 என்பது 6.928, கூட்டினால் 13.928. கணக்கு நேர்.

இனி உங்கள் மறதிப் பிரச்சினை. ஒரே மாதிரி இருபது கணக்கை ஒரே மூச்சில் போடுவதால்தான் பெரும்பாலும் இது வருகிறது. மூன்றாவது கணக்கிலிருந்து கை தானாக ஓடும், மூளை தூங்கிவிடும். தேர்வில் கணக்கு கலந்துதான் வரும். அங்கே முதல் வேலை, இது எந்த வகை என்று கண்டுபிடிப்பது. அந்தப் பயிற்சி இருபது ஒரே வகைக் கணக்கில் கிடைக்காது. அதனால் கொஞ்சமாக, கலந்து போடுங்கள்: ஒரு ஒற்றை ரூட், ஒரு இணை, ஒரு சதவீதம், ஒரு இருபடிச் சமன்பாடு. இரண்டு நாள் விட்டு அதே கணக்குகளை வெற்றுத் தாளில், பழைய நோட்டைப் பார்க்காமல். அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்த விஷயம் இது: படித்தது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது, விட்டுவிட்டுப் படித்தால் அதிகம் நிற்கிறது.

தீர்வைப் படித்துவிட்டு "ஆமாம், புரிகிறது" என்று தலையாட்டுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூடி வைத்துவிட்டு எழுத வந்தால்தான் வந்தது.

நடைபாதைக்கணக்கர்:

நான் நோட்டே எடுப்பதில்லை. நடக்கும்போது கண்ணில் படும் எண்ணின் பெரிய வர்க்கக் காரணியைச் சொல்லிக்கொள்வேன். 98 என்றால் 49 × 2, ஏழு ரூட் இரண்டு. 147 என்றால் 49 × 3. 25 வரை வர்க்கங்கள் மனப்பாடமாக இருந்தால் போதும். கூடவே √2 = 1.414, √3 = 1.732, √5 = 2.236, √7 = 2.646 இந்த நான்கும். கோணமானி சொன்ன சரிபார்ப்புக்கு இவையே பெரும்பாலும் போதும்.

வேறு ரூட் வந்தால் சராசரி போடுங்கள். √40 வேண்டும். 6 கொஞ்சம் குறைவு. 40/6 = 6.67 கொஞ்சம் அதிகம். நடுவில் 6.33. உண்மை மதிப்பு 6.3246. அலெக்சாந்திரியாவின் ஹெரான் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த வழி, இன்னும் வேலை செய்கிறது.

மறந்தகணக்கு:

இது பிடித்திருக்கிறது. சரி, இன்னும் இரண்டு. 1/∛2-ஐ ∛2-ஆல் பெருக்கினேன், கீழே ∛4 வருகிறது, தீரவில்லை. அப்புறம் 1/(1 + √2 + √3). மூன்று உறுப்புக்கு இணை எது?

நுண்கணிதப்பைத்தியம்:

கனமூலத்துக்கு மூன்று பேர் சேர்ந்தால்தான் வெளியே வர முடியும். ஏற்கெனவே ஒரு 2 உள்ளே இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும். ஆகவே ∛4-ஆல் பெருக்குங்கள். கீழே ∛8 = 2. விடை ∛4/2.

மூன்று உறுப்பில் இரண்டை ஒரே மூட்டையாகக் கட்டுங்கள்: (1 + √2) ஒன்று, √3 இன்னொன்று. இணை (1 + √2) − √3. கீழே (1 + √2)² − 3 = 3 + 2√2 − 3 = 2√2. இப்போது ஒற்றை ரூட்தான், √2-ஆல் பெருக்கினால் (2 + √2 − √6)/4. மதிப்பு 0.241. எந்த இரண்டைக் கட்டுவது என்பதில் சாமர்த்தியம் இருக்கிறது. 1-ன் வர்க்கமும் √2-ன் வர்க்கமும் சேர்ந்து 3 ஆவதால் √3 தனியாக நின்றால் எண்கள் அடிபடுகின்றன. வேறு விதமாகக் கட்டினாலும் விடை வரும், ஒரு சுற்று கூடுதலாக.

மறந்தகணக்கு:

வந்துவிட்டது. நோட்டில் அடுத்து இருந்தது √(3 − 2√2). அதை (1 − √2)² என்று எழுத முடிகிறது என்பதைக் கவனித்து விடை 1 − √2 என்று போட்டேன். தசமத்தில் பார்த்தால் −0.414. ரூட் குறியின் விடை எதிர்மமாக இருக்க முடியாதே என்று √2 − 1 என்று திருப்பி எழுதினேன். புத்தகமும் அதையே சொல்கிறது. குறியை இப்படி மாற்றலாம்தானே?

கோணமானி:

மாற்றித்தான் ஆக வேண்டும். (1 − √2)²-ம் (√2 − 1)²-ம் ஒரே எண். √ குறி அதன் இரண்டு மூலங்களில் எதிர்மம் இல்லாததையே குறிக்கும். கழித்தல் உள்ள கோவையை ரூட்டிலிருந்து வெளியே எடுக்கும்போதெல்லாம் எது பெரியது என்று பார்த்துவிட்டு, பெரியதை முன்னால் எழுதுங்கள்.