கொழுப்புறையா, பாளையா, சுற்றா இழையா?

அன்புள்ள குழுவினருக்கு,

பாளையங்கோட்டையில் செவிலிய மாணவியருக்கான உடலியங்கியல் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சுற்றிலும் உறை உடையவை, இல்லாதவை என்னும் இருவகை நரம்பிழைகளுக்கு மட்டும் பெயர் முடிவாகவில்லை. அவ்வுறைக்கு வழக்கிலுள்ள 'மையலின் உறை' (myelin sheath) என்பதைக் கரும்பலகையில் எழுதினால், மையல் என்னும் பெயர் 'இன்' உருபேற்று நிற்பதாகக் கொண்டு பின்வரிசை சிரிக்கிறது. அவ்வுறையின் உலர் எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பே என்பதால், 'கொழுப்புறை நரம்பிழை', 'கொழுப்புறையற்ற நரம்பிழை' எனலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து மறுமொழி:

தம்பி, கொழுப்பு என்றால் நம் பக்கத்தில் திமிர்; சிரிப்பு நிற்காது. தென்னம்பூவை மூடிக் காக்கும் 'பாளை' இருக்கையில் வேறு சொல் எதற்கு? 'பாளையிழை', 'பாளையிலி இழை' என்க. (உங்கள் ஊர்ப்பெயருக்கும் இதற்கும் உறவில்லை. அது பாளையம், படைவீடு.)

சித்த மருத்துவர் ஒருவர்:

ஐயா, பாளை வெடித்தால்தான் பூ வரும். இவ்வுறை சிதைந்தாலோ நோய் வரும். 1854-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபிர்கோ இதற்குப் பெயரிட எடுத்தது மஜ்ஜையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். எங்கள் ஏழு உடற்கட்டுகளில் ஆறாவதான 'மூளை'யும் மஜ்ஜையே. ஆனால் 'மூளையுறை' என்ற பெயரை மூளையைச் சுற்றிய சவ்வுகள் முன்பே பிடித்துக்கொண்டன.

என் வழக்கு 'அற்ற' என்பதோடுதான். புறநரம்புகளில் உறையற்றவை எனப்படும் மெல்லிழைகளும் வெறுமேனியாகக் கிடப்பதில்லை. நரம்பிழைகளுக்குத் துணைநிற்கும் ஷ்வான் செல் ஒன்றே தன் பள்ளங்களில் பல இழைகளைத் தாங்கி நிற்கிறது. மற்ற வகையிலோ, ஒரு செல் ஒரே இழையின் ஒரு துண்டைப் பற்றி அடுக்கடுக்காகச் சுற்றுகிறது; துண்டுகளுக்கு இடையிலுள்ள ரான்வியர் கணுக்களில் மட்டும் மின்துடிப்பு புதுப்பிக்கப்படுவதால், நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும் இழைகளும் உண்டு. சுற்றப்படாதவை நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவது அரிது. வாசற்படியில் கால்விரல் இடித்தால் சுரீரென்ற வலி முந்தியும் எரிச்சல் பிந்தியும் வருவது இதனால்தான். ஆகவே 'சுற்றிய இழை', 'சுற்றா இழை' என்பதே உண்மைக்கு நெருக்கம்.

மீண்டும் அம்பாசமுத்திரம்:

சுற்றா இழை என்றால் இழைதான் எதையோ சுற்றவில்லை என்றாகாதா?

சித்த மருத்துவர்:

'உண்ணாச் சோறு' என்பதில் சோறா உண்ணவில்லை, ஐயா? பெயரெச்சம் செயப்படுபொருளையும் கொண்டு முடியும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

இலக்கணம் சரி. ஆனால் 'சுற்றா இழை'யை நூற்பாலைச் சொல் என்று நினைப்பார்கள் எனத் தனிமடலில் சிலர் அஞ்சுகிறார்கள். பெரும்பான்மையோர் கொழுப்புறைக்கே இசைந்ததால் அதுவே அச்சேறுகிறது. 'அற்ற' பற்றிய மறுப்பை, ஷ்வான் செல்லின் படத்தோடு அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன்.