வீட்டுப் புகையிலையைப் பாடம் செய்ய பெட்டி தேவையா?

மணல்கொல்லை: வேதாரண்யம் பக்கம் சொந்தத் தேவைக்குக் கொஞ்சம் புகையிலை போட்டிருக்கிறேன். பாடம் செய்ய, அதாவது இலையைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்துப் பக்குவப்படுத்த, ஓடாத பழைய ஃப்ரிட்ஜைப் பெட்டியாக்கப் போகிறேன். உள்ளே தண்ணீர் ஊற்றிய மின்சாரக் குக்கர், சின்ன ஃபேன், சூடு 50 டிகிரியைத் தொட்டால் கரண்டை நிறுத்த தெர்மோஸ்டாட். ஈரப்பதம் 70-75 சதவீதத்தில் நின்றால் 4 முதல் 6 வாரத்தில் இலை பக்குவமாகும்.

பனங்காடு: தம்பி, புகையிலை விளைகிற ஊரில் இருந்துகொண்டு எதற்கு ஃப்ரிட்ஜ்? மாசி வெயிலில் காயப்போட்டு, விடியற்காலைப் பனியில் இலை துவண்டு கையில் நொறுங்காத பதத்தில் அள்ளி, போராக அடுக்கி, சாக்கு மூடி பாரம் வையுங்கள். உள்ளே தானே சூடேறும். அவ்வப்போது பிரித்து மேலிருப்பதைக் கீழே மாற்றினால் போதும், கரண்ட் செலவே கிடையாது.

மணல்கொல்லை: ஏக்கர் கணக்கில் போட்டவர்களுக்கு அது சரி அண்ணே. நாலு பாத்திச் செடியின் இலையை அடுக்கினால் போர் சூடேறாது, பூசணம்தான் பிடிக்கும். சூட்டை வெளியே விடாத பெட்டி அதற்காகத்தான்.

வாய்க்கால்கரை: இரண்டு பேரும் முதல் கட்டத்தை விட்டுவிட்டீர்கள். பச்சை இலையை நேரே 50 டிகிரியில் வைத்தால் பச்சை நிறம் அப்படியே நின்றுவிடும், அப்புறம் எத்தனை வாரம் வைத்தாலும் அந்தப் பச்சை வாடை போகாது. முதலில் நிழலில் கோத்துத் தொங்கவிட்டுப் பழுக்க விடுங்கள். நடு நரம்பை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பெட்டி.

பனங்காடு: தொங்கவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அழுகிவிடாதா?

வாய்க்கால்கரை: அடைமழையில் அழுகத்தான் செய்யும். தை, மாசி அறுவடைக்குப் பயமில்லை, கொட்டகையில் காற்று ஓட்டம் இருந்தால் சரி.

சாலியமங்கலம்: நான் இதற்கே எதிர். எந்தப் பெட்டியில் வைத்தாலும் நிக்கோடின் நிக்கோடின்தான். புற்றுநோய் தரும் நைட்ரசமைன்கள் பெரும்பாலும் உருவாவதே இந்தப் பாடம் செய்யும்போதும் புளிக்க வைக்கும்போதும்தான், இலையில் இருக்கும் நைட்ரேட்டைக் கிருமிகள் மாற்றுவதால் வருவது. வீட்டில் விளைந்தது, மருந்து கலக்காதது என்று நம்பி மெல்லாதீர்கள். பனி ஈரத்தோடு பச்சை இலையை வெறுங்கையால் அறுத்தாலே நிக்கோடின் தோல் வழியாக ஏறி வாந்தி, தலைசுற்றல் வரும். கையுறை போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மணல்கொல்லை: கையுறை போடுகிறேன். பெட்டியைக் கைவிடுவதாக இல்லை.

வாய்க்கால்கரை: அப்படியானால் ஃப்ரிட்ஜில் மிச்சமிருக்கும் கேஸை மெக்கானிக்கை வைத்து எடுங்கள், நீங்களே குழாயை வெட்டாதீர்கள். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கப்போகிறது, கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் சுவிட்சைப் போடவே போடாதீர்கள்.